ரூத்மிலாவின் தகவல்கள் பத்திரமாக இருக்கின்றன

அடுத்த வீட்டுக்காரருக்கு வரவேண்டிய கடிதம் தவறி என் பெட்டியில் விழுந்தால், அனுப்பியது யாரென்றுகூடப் பார்க்க மாட்டேன். உறையைக் கவிழ்த்துப் பிடித்தபடியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியைத் திறந்தால் என் முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். சிலருக்கு இறால் ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது. எனக்கு அடுத்தவர் விஷயம் திறந்து கிடப்பது ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விசாரிக்கிற அதிகாரியான உங்களுக்குச் சுலபமாகப் புரியும் அம்மா.

காப்பிக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை.

பெயர் ஃபிலோமெனோ ரொசாரியா. இந்தத் தீவில் அப்படி விசாரித்தால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். ஃபிச்சி வீடு எது என்று கேட்டால் தெருநாய்கூடக் கூட்டிக்கொண்டு வந்து விடும். வேலை, சுச்சுபி என்கிற இணையச் சூதாட்டத் தளத்தில். சுச்சுபி என்பது நம் வேலிகளில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற குருவிதான். வாயை மூடவே தெரியாத ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு, ரகசியத்தைக் காப்பாற்ற ஓர் அதிகாரியையும் வைத்திருந்தார்கள். அந்த அதிகாரி நான்.

ஆட வருகிறவர்களிடம் நாங்கள் நிறையக் கேட்போம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், வங்கி அட்டை, வீட்டு முகவரிக்கு ஒரு மின்சார பில், பாஸ்போர்ட்டைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து எடுத்த ஒரு படம். சிறுவர்கள் நுழையக் கூடாது, திருட்டுப் பணம் நுழையக் கூடாது என்பதற்காக. இதெல்லாம் அவர்கள் தெரிந்து கொடுப்பது. தெரியாமல் கொடுப்பது இன்னும் அதிகம். எந்த நேரத்தில் வருகிறார்கள், தோற்றபின் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள், எந்தத் தொகையில் விரல் தயங்குகிறது, தயங்கிய விரல் எதைக் காட்டினால் மறுபடி அசைகிறது எல்லாம் எங்களிடம் வந்து சேரும். ஒரு மனிதனைப் பற்றி அவன் பெண்டாட்டிக்குத் தெரியாததும் பாவமன்னிப்புக் கொடுக்கும் பாதிரியாருக்குத் தெரியாததும் எங்கள் இயந்திரத்துக்குத் தெரியும்.

அதனால்தான் நான் கண்டிப்பாக இருந்தேன். மேசையில் கைப்பேசி வைக்கக் கூடாது. கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிய ஒருவனை அந்தக் காகிதத்தை என் கண்முன் தின்னச் சொன்னேன், பாதி தின்றான். சாப்பாட்டு வேளையில் ஒரு பெண், சிலி நாட்டு ஆட்டக்காரர் ஒருவருக்கும் தனக்கும் ஒரே நாளில் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்றேன். எங்கள் மேலாளர் பஸ்தியான், ஹாலந்திலிருந்து வந்த பொன்னிறத் தலைக்காரர், நல்ல பையன்; அவருடைய அனுமதியைக்கூடக் குறைத்தேன். ஆட்டக்காரர்களின் முகப்படம் மேலாளருக்கு எதற்கு? கடைசியில் எல்லாவற்றையும் பார்க்கக்கூடியவன் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான் என்று ஆயிற்று. அப்போதுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ரூத்மிலாவுக்கு வருகிறேன்.

ரூத்மிலா கோன்செட் எங்கள் பேட்டையில் சலூன் வைத்திருந்தவள். வீட்டின் முன்பாகத்தைத்தான் கடையாக்கியிருந்தாள். மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, உள்ளே எப்போதும் சாய வாடையும் சிரிப்புச் சத்தமும். அவள் கையால் முடி வெட்டிக்கொள்ள நான் தவறாமல் போவேன். என் தலையை நீங்களே பார்க்கிறீர்கள். அங்கே வெட்ட என்ன இருக்கிறது?

அவள் அதைச் சொல்லியே சிரிப்பாள். "ஃபிச்சி, வாராவாரம் வந்து உக்காருறியே, உன் தலையில நான் வேலை செய்யறேனா, இல்ல மண்டையத் தொடச்சு வைக்கிறேனா?" கடையிலிருந்த பெண்களெல்லாம் குலுங்குவார்கள். நானும் சிரிப்பேன். ஒரு கார்னவல் திருவிழா சமயத்தில், என்னோடு நடனமாட வருகிறாயா என்று கேட்டேன். "உன்கூடவா? கடைத் தொடப்பம் சும்மாத்தான் இருக்கு, அதுக்காவது இடுப்பு வளையும்" என்றாள். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. அன்று மாலை என்ன பாட்டு வாசித்தார்கள், அவள் யாரோடு ஆடினாள், அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதெல்லாம் இப்போதும் நினைவிருக்கிறது என்பதால் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, புதிதாக வந்த முகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ரூத்மிலா என்னைப் பார்த்தாள். சிரிக்காத முகம். அந்த முகத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தீவில் குடியிருப்பவர்கள் எங்கள் தளத்தில் ஆடக் கூடாது என்பது விதி. அவள் பனாமாவில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் மின்சார பில்லைக் கொடுத்திருந்தாள். ஆனால் அவள் கைப்பேசி எங்கிருந்து பேசுகிறது என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நான் அவளை அப்போதே மறுத்திருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மறுத்தால் அவள் வேறு ஏதாவது தளத்துக்குப் போவாள். அங்கே யார் கையில் அந்தப் படம் கிடைக்குமோ. பாதுகாப்பு என்று பார்த்தால் என்னைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடையாது. சரி என்று அழுத்தினேன். நான் அங்கே கணினிப் பூட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், ஆட்டக்காரர்களின் முகங்களையும் பார்ப்பவன் என்று தெரியாது.

அவள் ஆடியது கடற்கன்னியும் முத்துச்சிப்பியும் வரும் ஓர் ஆட்டம். ஒரு வாடிக்கையாளர் தலையில் சாயம் ஊறும் நேரத்தில் கொஞ்சம், மதியத்தில் கொஞ்சம். செவ்வாய்க்கிழமை கடைக்குக் கூட்டம் வராது, அன்று நிறைய. நான் அவளைத் தினமும் பார்த்தேன். கண்காணிப்பு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை கொஞ்சம் கடுமை. சரியாக இருக்கிறாளா என்று பார்த்தேன்.

முதல் முறை பெரிதாகத் தோற்ற நாளில், வேலையிலிருந்து நேரே போய் ஒரு சோர்சாகா பத்திடோ வாங்கினேன். முள்சீத்தாப் பழமும் பாலும் ஐஸும் அடித்துத் தருவார்களே, அது அவளுக்கு உயிர். கடையில் யாரும் இல்லை. அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து முடியைக் கூட்டினேன்.

"இன்னிக்குத்தான் எனக்கு இது வேணும்னு உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"மனசு சொல்லிச்சு," என்றேன்.

அன்றுதான் அவள் என்னை முதல் முறையாக முழுதாகப் பார்த்தாள். அதன்பின் என் மனசு அடிக்கடி சொல்ல ஆரம்பித்தது. அவள் நொந்துபோன மாலைகளில் நான் போய் நிற்பேன். எதையும் கேட்க மாட்டேன், அறிவுரை சொல்ல மாட்டேன். இந்த ஊரில் இப்படி ஒரு ஆம்பளை இருக்கிறான் என்று தெரியாமல் போய்விட்டதே என்று அவள் தன் தோழிகளிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தோழிகளின் புருஷன்மார்கள் வேலிப் பக்கமாக என்னைக் கூப்பிட்டு, மச்சான், அந்த ரகசியத்தை எங்களுக்கும் சொல்லேன் என்றார்கள். ரகசியத்தை நான் எப்படிச் சொல்வேன்?

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவள் ஜெயித்த நாட்களில் நான் தேவைப்படவில்லை. பாடிக்கொண்டே முடி வெட்டுவாள், மறுபடி என் மண்டையைக் கிண்டலடிப்பாள், டம்ளரை வாங்கி அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவாள். சில வாரங்கள் ஆடாமலே இருந்தாள். அந்த வாரங்கள் எனக்குச் சங்கடமாக இருந்தன. வராத ஆட்டக்காரரின் தகவல் பழசாகிவிடும் அம்மா. பழைய தகவல் தவறான தகவல், தவறான தகவல் ஆபத்து. இதை நான் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பவன். ஆகவே காசு கட்டாமல் ஆட அவளுக்கு இலவசச் சுற்றுகள் அனுப்பினேன். அது விளம்பரப் பிரிவின் வேலை, எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பாதுகாப்பைச் சோதிக்க எனக்கு எல்லாக் கதவும் திறக்கும். எத்தனை மணிக்கு அனுப்பினால் எடுப்பாள், என்ன வாசகம் போட்டால் விரல் அசையும் என்பதையெல்லாம் அவளே எங்களுக்குச் சொல்லியிருந்தாள். 'முத்து உனக்காகக் காத்திருக்கிறது ரூத்மிலா' என்று எழுதினேன். நான் எழுதிய காதல் கடிதம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

பிறகு அவள் தொகை பெரிதாயிற்று. தொகை பெரிதானால் பணம் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டாக வேண்டும், அது சட்டம். கேட்டேன். வீட்டின் மேல் வங்கியில் கடன் வாங்கிய பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அவள் அப்பா கட்டிய வீடு. அவளுடைய அண்ணன் ஹென்ஸ்லிக்குத் தெரியாத சங்கதி எனக்குத் தெரிந்தது. பத்திரத்தின் எழுத்து தெளிவாக இருந்தது, முத்திரை சரியாக இருந்தது. 'திருப்தி' என்று குறித்தேன். நேர்மையாகக் கிடைத்த பணம்தானே.

அப்புறம் அந்த வேண்டுகோள். நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆட்டக்காரர் எவரும், என்னை இனி உள்ளே விடாதீர்கள் என்று எழுதிக் கேட்கலாம். கேட்ட உடனே கதவைச் சாத்த வேண்டும். ரூத்மிலா எழுதினாள். "தயவுசெஞ்சு என்னை மூடிடுங்க. நானே வந்து கெஞ்சினாலும் தொறக்காதீங்க" என்று, பேசுவது போலவே எழுதியிருந்தாள். நான் அதை நிறைய முறை படித்தேன்.

மூடினால் அவளுடைய கோப்பு காப்பகத்துக்குப் போய்விடும். அதைத் தினமும் திறக்க எனக்கே அனுமதி இல்லை, அந்த விதியைப் போட்டவனும் நான்தான். ஆனால் இதை எழுதியது அவள்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டாமா? வேறு யாராவது அவள் பெயரில் எழுதியிருந்தால்? மரியாதையாகப் பதில் போட்டேன். தங்கள் பாதுகாப்புக்காக, புதிய மின்சார பில்லையும் புதிய முகப்படத்தையும் அனுப்பி வைக்கவும் என்று. பில் வேண்டுமென்றால் பனாமாவிலிருக்கும் அக்காவிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்று அக்கா கேட்பாள். அது எனக்குத் தெரியும். அவள் அனுப்பவில்லை. அடுத்த வாரம் மறுபடி ஆடினாள்.

இரண்டாவது தடவை எப்படியோ பில்லை வாங்கி அனுப்பிவிட்டாள். படத்தில் பாஸ்போர்ட்டின் ஒரு மூலை மங்கலாக இருந்தது. திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை வெளிச்சம் போதவில்லை. அழுதிருந்தாள் போலிருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கும் முகத்துக்கும் அதற்கும் பொருத்தம் குறைவாக இருந்தது. விதியில் இல்லாத எதையும் நான் கேட்கவில்லை.

ஹென்ஸ்லி என் அலுவலகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவன், நல்ல உடம்பு. கப்பலில் வந்த கூட்டத்தை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, வாசல் காவலரைத் தாண்டி என் மேசைக்கே வந்துவிட்டான்.

"மச்சான், நீ இங்கதான வேலை செய்யற. என் தங்கச்சி உங்க கம்பெனியிலதான் ஆடுறா, அவ ஃபோன்ல அந்தக் குருவிப் படத்தப் பாத்தேன். அவள உள்ள விடாம அடைச்சிரு. வேற ஒண்ணும் கேக்கல."

ஆட்டக்காரர் யார், யார் இல்லை என்பதை வெளியாரிடம் உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம் என்றேன்.

"நான் வெளியாளா? அவ என் ரத்தம். நீ அவ கடையிலேயே கெடக்குற, உனக்குத் தெரியாதா?"

தெரிந்தாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், அது அவளுடைய உரிமை என்று விளக்கினேன். அவன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "உன் வாயில இருந்து ஒரு வார்த்த வராதா மச்சான்?" என்று கடைசியாகக் கேட்டான். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வெளியே பேருந்தில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள், போய்விட்டான். நடந்ததைக் கேள்விப்பட்ட பஸ்தியான் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி, அழுத்தம் வந்தாலும் வாயைத் திறக்காத அதிகாரி என்று என்னைப் பாராட்டினார். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டை ரூத்மிலாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டை வங்கி ஏலத்துக்கு விட்டது. நான் எடுத்தேன். யார் யாரோ எடுத்து இடித்துவிட்டு விடுதி கட்டுவதைவிட இது மேல் இல்லையா? சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்து, நீ எங்கேயும் போக வேண்டாம் என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு நடந்தது எதுவுமே உனக்குத் தெரியாது ஃபிச்சி, தெரிந்தால் இப்படிச் செய்ய மாட்டாய் என்றாள். பிறகு அவளாகவே சூதாட்டத்தைப் பற்றி முழுவதையும் சொன்னாள். நான் முதல் முறை கேட்பதுபோலக் கேட்டேன். நடுவில் ஒரு தேதியைத் தவறாகச் சொன்னாள்; திருத்தவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. கறுப்பு கேக், தும்பா இசை எல்லாம் உண்டு. அவள் என்னோடு ஆடினாள். ஹென்ஸ்லி வந்தான், ஆனால் சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் சூதாட்டத்தை விட்டாள். தானாகவே. தேவாலயத்துக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் கல்யாணமானவர், உங்களுக்குப் புரியும். சாயங்காலம் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என்ன யோசிக்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அது உண்மையா என்று சரிபார்க்க என்னிடம் எந்த வழியும் இல்லை. முன்பெல்லாம் இரண்டு தெரு தள்ளி இருந்தாள், அவள் மூச்சுவரை தெரிந்தது. இப்போது தோள் இடிக்கும் தூரத்தில் இருக்கிறாள், யாரோ அந்நியப் பெண் போலிருந்தது. அவள் கோப்பில் மாதக்கணக்காக ஒரு வரி சேரவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், சோபாவில் அவள் பக்கத்தில் இருந்தபடியே, என் கைப்பேசியிலிருந்து இலவசச் சுற்று போனஸ் ஒன்று அனுப்பினேன். முத்து காத்திருக்கிறது என்று. அவள் மடியில் இருந்த கைப்பேசி மினுங்கியது. அதைப் பார்த்தாள். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தாள். எழுந்துபோய் வாழைப்பழம் பொரித்தாள்.

சில நாள் கழித்து என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் எனக்குக் கொடுங்கள் என்று. அப்படிக் கேட்கும் உரிமை ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உண்டு. அந்தக் குழுவில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பியவர், ரூத்மிலா ரொசாரியா. முகவரி, என் வீடு.

அழித்திருக்கலாமே என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கேட்டவருக்குக் கெடுவுக்குள் முழுவதையும் கொடுக்க வேண்டும். நான் ஒருபோதும் தாமதித்ததோ குறைத்ததோ கிடையாது. மூன்று வேண்டுகோள், அவற்றுக்கு என் பதில், போனஸ்கள், பத்திரத்தின் மேல் 'திருப்தி', அவள் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு எல்லாம் போயிற்று. அந்தப் பதிவில் என் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் அதைக் கடையில் வைத்துப் படித்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது ஒரு வாடிக்கையாளர் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் மூடச் சொல்லி எழுதினப்ப, அதைப் படிச்சது நீதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அன்னிக்கும் பத்திடோ வாங்கிட்டு வந்தியே ஃபிச்சி."

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். அந்த அம்மாளின் தலையை நிதானமாக அலசினாள், துவட்டினாள், கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். பிறகு மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அந்த அம்மாளோடேயே நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அது சரியான பதில் அம்மா, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் தெரிந்தே உள்ளே விட்டது நான். வெளியே போகக் கேட்டபோது போகவிடாமல் செய்தது நான். போனவளைத் திரும்பக் கூப்பிட்டதும் நான். வீடு போகப்போகிறது என்று தெரிந்து காத்திருந்து, போனதும் வாங்கினேன். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவள் தகவலில் ஓர் எழுத்துக்கூட வெளியே போனதில்லை, அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

யாரிடமிருந்து அவளைப் பாதுகாத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கணினித் திருடர்களிடமிருந்து. விளம்பரப் பிரிவுக்காரர்களிடமிருந்து. பஸ்தியானிடமிருந்து. அவளுடைய அண்ணனிடமிருந்து, பனாமா அக்காவிடமிருந்து, ஊர் வாயிலிருந்து.

யாரையாவது விட்டுவிட்டேனா என்று நிதானமாக யோசிக்கச் சொல்கிறீர்கள். யோசித்துவிட்டேன். ஒருவரும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.